ஜாவாவில் தொகுப்பு இணைப்புகளுடன் வகை பிசகாத வினவல்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நூலுக்குப் பல பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதியும் ஏதோ ஒரு கிளையில் இருக்கிறது. "தெற்குக் கிளையில் இப்போது கையிருப்பில் உள்ள நூல்கள் எவை?" என்ற கேள்வியை ஜேபிஏவின் (ஜாவா ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தள அட்டவணைகளுடன் இணைக்கும் தரநிலை) கிரைட்டீரியா ஏபிஐ, அதாவது வினவலை ஜாவா மெத்தட் அழைப்புகளாக எழுதும் வழி, கொண்டு எழுதச் சொன்னால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கம்பைல் ஆகும் ஒன்றை எழுதிவிடுகிறார்கள். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே நூல் இரண்டு முறை வருகிறது, வர வேண்டிய நூல் வருவதில்லை, வரக்கூடாத நூல் வந்து நிற்கிறது.

பெயரைத் தவறாக எழுதினாலோ ஒரு அட்டவணையின் புலத்தை இன்னொன்றில் தேடினாலோ கம்பைலர் நம்மைத் தடுத்துவிடும். ஆனால் இணைப்பின் பொருள் சரியா என்று அது பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது பொறுப்பை நாமே ஏற்க வேண்டும் என்பதால், கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பதிப்புகள். இணைப்பிலேயே நிபந்தனை வைக்க உதவும் 'ஆன்' மெத்தட் ஜேபிஏ 2.1 முதல்தான் இருக்கிறது. ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் 3.0 வந்தபோது பேக்கேஜ் பெயரே மாறிவிட்டது. ஆகவே பழைய 'ஜாவாஎக்ஸ்' இம்போர்ட்டும் புதிய 'ஜகார்த்தா' இம்போர்ட்டும் ஒரே திட்டத்தில் கலந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து எஸ்க்யூஎல் பதிவு. ஜேபிஏவின் செயலாக்கமான ஹைபர்னேட் தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வாக்கியத்தைத் திரையில் காட்டும்படி லாக் அமைப்பை இயக்கி வையுங்கள். கிரைட்டீரியாவில் எழுதியதைக் கண்ணால் பார்த்து எத்தனை இணைப்புகள் உருவாகும் என்று சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். எஸ்க்யூஎல்லைப் பார்த்தால் எண்ணிவிடலாம்.

மூன்றாவது, சிறிய மாதிரித் தரவு. இந்த வழிகாட்டி முழுவதும் மூன்று நூல்கள் போதும்:

நூல் 'அ': தெற்குக் கிளையில் ஒரு பிரதி, அது இரவலில் போயிருக்கிறது. வடக்குக் கிளையில் ஒரு பிரதி, அது கையிருப்பில் இருக்கிறது.

நூல் 'ஆ': தெற்குக் கிளையில் இரண்டு பிரதிகள், இரண்டும் கையிருப்பில்.

நூல் 'இ': பிரதியே இல்லை. பட்டியலில் பதிவாகியிருக்கிறது, இன்னும் வாங்கவில்லை.

இந்த மூன்றாவது நூலைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலித் தொகுப்பு (இங்கே, ஒன்றும் இல்லாத பிரதிகள் பட்டியல்) உள்ள ஒரு பதிவு மாதிரித் தரவில் இல்லையென்றால், தவறான வினவல்களில் பாதி சரியானவை போலவே தோன்றும்.

2. மெட்டாமாடலை உருவாக்குங்கள்

ஒவ்வொரு என்டிட்டிக்கும் (அட்டவணையைக் குறிக்கும் ஜாவா கிளாஸ்) இணையாக, பெயரின் இறுதியில் அடிக்கோடு கொண்ட ஒரு கிளாஸ் வேண்டும்; இதுதான் மெட்டாமாடல். அதில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு ஸ்டாட்டிக் உறுப்பு இருக்கும். சாதாரணப் புலத்துக்கு சிங்குலர் ஆட்ரிபியூட். லிஸ்ட், செட், மேப், கலெக்‌ஷன் ஆகியவற்றுக்கு அந்தந்தப் பெயரிலேயே தனித்தனி ஆட்ரிபியூட் வகைகள். இவற்றைக் கையால் எழுதக்கூடாது. என்டிட்டி மாறும்போது கையால் எழுதியது பின்தங்கிவிடும். அப்போது வகைப் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை உருவாக்கித் தருவது ஹைபர்னேட்டின் அனோட்டேஷன் பிராசஸர். ஆறாம் பதிப்பு வரை அது 'ஜேபிஏ மாடல்ஜென்' என்ற பெயரில் இருந்தது. ஏழாம் பதிப்பில் 'ஹைபர்னேட் பிராசஸர்' என்று பெயர் மாறியது. ஹைபர்னேட்டின் பதிப்பும் இதன் பதிப்பும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இந்தப் படியில் மூன்று இடங்களில் தடுக்கிவிழுகிறார்கள்.

ஒன்று, ஜேடிகே 23 முதல், அனோட்டேஷன் பிராசஸிங்கை வெளிப்படையாகக் கேட்காவிட்டால் கம்பைலர் அதை இயக்குவதில்லை. டிபென்டென்சியாக மட்டும் சேர்த்துவிட்டு "கிளாஸ் உருவாகவில்லையே" என்று தேடுவார்கள். மேவனில் பிராசஸர் பாதையைக் குறிப்பிடுங்கள்.

இரண்டு, அந்தப் பாதையைக் குறிப்பிட்ட உடனே கிளாஸ்பாத்தில் உள்ள மற்ற பிராசஸர்கள் தேடப்படுவது நின்றுவிடும். கெட்டர் போன்ற மெத்தடுகளைத் தானாக எழுதித்தரும் லாம்போக் பயன்படுத்தினால் அதையும் அதே பட்டியலில் எழுத வேண்டும். இல்லையென்றால் கெட்டர்கள் காணாமல் போய், தொடர்பே இல்லாத பிழைச் செய்திகள் நூற்றுக்கணக்கில் வரும்.

மூன்று, மெட்டாமாடல் கிளாஸின் உறுப்புகளுக்கு மதிப்பு கொடுப்பது கம்பைலர் அல்ல. என்டிட்டி மேனேஜர் ஃபேக்டரி தொடங்கும்போதுதான் அவை நிரப்பப்படுகின்றன. ஃபேக்டரியைத் தொடங்காமல் ஓடும் யூனிட் டெஸ்டில் அவை அனைத்தும் நல் (null). அங்கே வரும் நல் பாயின்டர் பிழைக்கு வினவலில் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3. கேள்வியை முதலில் தமிழிலேயே எழுதுங்கள்

குறிமுறையைத் தொடும் முன் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதி, அதில் வரும் ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில் அதன் வேலையைக் குறியுங்கள். ஒரு தொகுப்புக்கு வினவலில் மூன்று வேலைகளில் ஒன்றுதான் இருக்க முடியும்.

'இருக்கிறதா என்று பார்க்க': தொகுப்பு நிபந்தனைக்கு மட்டும், விடையில் அதற்கு இடமில்லை. இதற்குத் துணை வினவல்.

'ஒவ்வொன்றாகக் காட்ட': விடையில் ஒரு பிரதிக்கு ஒரு வரிசை வேண்டும். இதற்கு ஜாயின்.

'கூடவே எடுத்துவர': நூல் ஆப்ஜெக்டுடன் அதன் பிரதிகளும் நினைவகத்தில் ஏற வேண்டும். இதற்கு ஃபெட்ச்.

மூன்றுக்கும் ஜாயின் மெத்தடையே பயன்படுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அதற்குப் பின் வரும், இரட்டை வரிசைகளை நீக்கும் 'டிஸ்டிங்ட்' ஒட்டுவேலைகள் எல்லாம் இந்த முதல் தவறிலிருந்து கிளைத்தவை. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

4. அடித்தளமும் முதல் இணைப்பும்

கிரைட்டீரியா பில்டரை என்டிட்டி மேனேஜரிடமிருந்து பெறுங்கள். விடையின் வகையைக் கொடுத்து கிரைட்டீரியா குவெரியை உருவாக்குங்கள். பிறகு 'ஃப்ரம்' மெத்தடில் நூல் கிளாஸைக் கொடுத்தால், வினவல் தொடங்கும் இடமான ரூட் கிடைக்கும். இந்த ரூட்டின் வகையில் 'நூல்' என்பது பதிந்திருப்பதால்தான் அடுத்து வரும் எல்லாச் சோதனைகளும் சாத்தியமாகின்றன.

ரூட்டின் ஜாயின் மெத்தடுக்கு நூலின் மெட்டாமாடலிலிருந்து 'பிரதிகள்' ஆட்ரிபியூட்டைக் கொடுங்கள். அது லிஸ்ட் என்றால் லிஸ்ட்ஜாயின், செட் என்றால் செட்ஜாயின் திரும்பி வரும். அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். மேப் என்றால் வரும் மேப்ஜாயினில் சாவியையும் மதிப்பையும் தனித்தனியே எடுக்கலாம். லிஸ்ட்ஜாயினில் வரிசை எண்ணைக் கேட்க, என்டிட்டியில் ஆர்டர் காலம் (OrderColumn) அனோட்டேஷன் இருக்க வேண்டும்.

இங்கே கம்பைலர் நமக்காகச் செய்யும் வேலையைக் கவனியுங்கள். பிரதியின் 'கிளை' புலத்தை ரூட்டில் கேட்டால் கம்பைல் ஆகாது, ஏனெனில் அந்த ஆட்ரிபியூட் நூலுக்கு உரியதல்ல. ரூட்டில் 'கெட்' மெத்தடுக்குப் 'பிரதிகள்' ஆட்ரிபியூட்டையே கொடுத்தால் கம்பைல் ஆகும். ஆனால் கிடைப்பது முழுத் தொகுப்பையும் குறிக்கும் எக்ஸ்பிரஷன். அதற்குள் இறங்கி ஒரு பிரதியின் கிளையைக் கேட்க முடியாது. தொகுப்பு காலியா, அதன் அளவு என்ன, இது அதில் உறுப்பா என்ற மூன்று வகைக் கேள்விகளுக்கு மட்டுமே அது உதவும். உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஜாயின்தான் வழி.

வகைப் பாதுகாப்பு ஓட்டையாகும் இரண்டு இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாயின், கெட் இரண்டுக்கும் சரத்தை ஏற்கும் இன்னொரு வடிவம் உண்டு. பிராசஸர் உருவாக்கும் கிளாஸில் பெரிய எழுத்துகளில் பெயரிட்ட சர மாறிலிகளும் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கொடுத்தால் பெயர் பிசகாது, வகை பிசகலாம். ஆட்ரிபியூட்டையே எடுங்கள்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. பில்டரின் 'ஈக்வல்' மெத்தட் ஒப்பிடும் மதிப்பாக எந்த ஆப்ஜெக்டையும் ஏற்கும். ஈனம் (enum) வகைப் புலத்தைச் சாதாரணச் சரத்துடன் ஒப்பிட்டாலும் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போதுதான் சிக்கல் தெரியும். 'கிரேட்டர்தேன்' போன்றவை வகையைப் பார்க்கின்றன, 'ஈக்வல்' பார்ப்பதில்லை. எக்ஸ்பிரஷனின் வகையும் மதிப்பின் வகையும் ஒன்றாக இருக்கக் கட்டாயப்படுத்தும் ஒரு சின்ன ஜெனரிக் உதவி மெத்தடை எழுதி, திட்டம் முழுக்க அதையே அழையுங்கள். மூன்று வரி வேலை, அதற்கு முழுப் பயன் உண்டு.

5. ஒரே பிரதியா, வெவ்வேறு பிரதிகளா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் கேள்வியில் இரண்டு நிபந்தனைகள்: கிளை தெற்காக இருக்க வேண்டும், நிலை கையிருப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பிரதிக்குப் பொருந்த வேண்டும். ஜாயின் மெத்தடை ஒரு முறை அழைத்து, கிடைத்த மாறியிலிருந்தே கிளை, நிலை இரண்டையும் எடுத்தால் இரண்டு வரிசைகள் வரும். இரண்டும் 'ஆ' நூலுடையவை. நூலாக எண்ணினால் விடை 'ஆ' மட்டும். சரி.

இப்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஜாயின் மெத்தடைத் தனித்தனியே அழைத்துப் பாருங்கள். குறிமுறை ஏறக்குறைய அதே போலத்தான் இருக்கும். கம்பைலரும் ஒன்றும் சொல்லாது. ஆனால் எஸ்க்யூஎல்லில் பிரதி அட்டவணை இரண்டு முறை இணைந்திருக்கும். 'அ' நூலின் முதல் பிரதி தெற்கில் இருக்கிறது, முதல் இணைப்புக்குப் பொருந்துகிறது. இரண்டாவது பிரதி கையிருப்பில் இருக்கிறது, இரண்டாவது இணைப்புக்குப் பொருந்துகிறது. ஆகவே 'அ' உள்ளே வந்துவிடும். 'ஆ' நூலுக்கு இரண்டு பெருக்கல் இரண்டு என நான்கு வரிசைகள். மொத்தம் ஐந்து. தெற்குக் கிளைக்குப் போய் 'அ' நூலைக் கேட்கும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார்.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். "தெற்கிலும் ஒரு பிரதி, வடக்கிலும் ஒரு பிரதி உள்ள நூல்கள்" என்பது கேள்வியானால் இரண்டு தனி இணைப்புகள் தேவை. ஒரே இணைப்பில் 'கிளை தெற்கு, மேலும் கிளை வடக்கு' என்று எழுதினால் எந்த வரிசையும் வராது. ஒரு பிரதி இரண்டு கிளைகளில் இருக்க முடியாது அல்லவா?

ஸ்பிரிங் டேட்டாவின் ஸ்பெசிபிகேஷன்களை (தனித்தனியே எழுதிச் சேர்க்கும் நிபந்தனைத் துண்டுகள்) பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பொறி தானாகவே விரிக்கப்பட்டிருக்கிறது. 'கிளைப்படி' ஒன்று, 'நிலைப்படி' ஒன்று என்று அழகாகப் பிரித்து எழுதி 'அண்ட்' மூலம் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஜாயினை உருவாக்கும். ஒரே பிரதியைப் பற்றிய நிபந்தனைகள் ஒரே ஸ்பெசிபிகேஷனுக்குள் இருக்கட்டும். மறுபயன்பாட்டுக்காகப் பிரிப்பதைவிடச் சரியான விடை முக்கியம்.

6. இடது இணைப்பும் 'ஆன்' நிபந்தனையும்

ஜாயின் மெத்தடுக்கு வகை எதுவும் சொல்லாவிட்டால் அது இன்னர் ஜாயின். பிரதியே இல்லாத 'இ' நூல் விடையிலிருந்து மறைந்துவிடும்.

"எல்லா நூல்களையும் காட்டு, தெற்கில் பிரதி இருந்தால் அதையும் காட்டு" என்பது கேள்வியானால், லெஃப்ட் என்று குறிப்பிட்டு, கிளை நிபந்தனையை 'வேர்' (where) பகுதியில் வைக்காமல் இணைப்பின் 'ஆன்' மெத்தடில் வையுங்கள். 'வேர்' பகுதியில் வைத்தால், 'இ' நூலுக்கு உரிய வரிசையில் கிளை நல்லாக இருப்பதால் அது நிபந்தனையில் தோற்று வெளியேறும். லெஃப்ட் என்று எழுதியும் இன்னர் ஆகிவிடும். 'ஆன்' மெத்தடில் வைத்தால் 'அ' ஒரு வரிசை, 'ஆ' இரண்டு, 'இ' ஒன்று என நான்கு வரும்.

ரைட் ஜாயினை எல்லாச் செயலாக்கங்களும் தர வேண்டும் என்று ஜேபிஏ கட்டாயப்படுத்தவில்லை. அது தேவைப்படுவதாகத் தோன்றினால் ரூட்டை மாற்றி எழுதுங்கள்.

7. 'இருக்கிறதா' என்ற கேள்விக்குத் துணை வினவல்

மூன்றாம் படியில் 'இருக்கிறதா என்று பார்க்க' என்று குறித்த தொகுப்புகள் எல்லாம் இங்கே வர வேண்டும்.

குவெரியின் 'சப்குவெரி' மெத்தடை அழையுங்கள். அதன் 'கோரிலேட்' மெத்தடுக்கு வெளி ரூட்டைக் கொடுங்கள். திரும்பி வரும் ரூட்டிலிருந்து பிரதிகளை ஜாயின் செய்து, இரண்டு நிபந்தனைகளையும் அந்த ஜாயினில் வையுங்கள். பிரதியின் அடையாள எண்ணை செலக்ட்டாகக் கொடுத்து, முழுவதையும் பில்டரின் 'எக்ஸிஸ்ட்ஸ்' மெத்தடில் வைத்து வெளி வினவலின் நிபந்தனையாக்குங்கள். 'ஆ' நூல் ஒரே ஒரு முறை வரும், டிஸ்டிங்ட் தேவையில்லை.

கோரிலேட் செய்யாமல் வெளி ரூட்டிலேயே ஜாயின் செய்வது இங்கே வழக்கமான தவறு. அப்போது இணைப்பு வெளி வினவலில் சேர்ந்து, தவிர்க்க நினைத்த அதே பெருக்கம் திரும்பவும் வரும்.

எதிர்மறைக் கேள்விகளுக்கு இதைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைப்பதில்லை. "தெற்கில் பிரதியே இல்லாத நூல்கள்" என்ற கேள்விக்கு ஜாயின் செய்து 'கிளை தெற்கு அல்ல' என்று எழுதினால், வடக்கில் பிரதி இருப்பதால் 'அ' வரும். பிரதியே இல்லாததால் 'இ' வராது. சரியான விடையோ 'இ' மட்டும். எக்ஸிஸ்ட்ஸின் மறுப்பு அதைச் சரியாகத் தருகிறது.

தரவு பெருகும்போது இது மெதுவாகாமல் இருக்க, பிரதி அட்டவணையில் நூலைச் சுட்டும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்குத் தானாகவே இன்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போடாது.

8. டிஸ்டிங்ட்டை எப்போது நம்பலாம்?

ஜாயினால் பெருகிய வரிசைகளைக் குறைக்க டிஸ்டிங்ட் வேலை செய்யும். ஆனால் விலை உண்டு. முதலில் பெருக்கி, பிறகு முழு வரிசையையும் ஒப்பிட்டுக் குறைக்கிறோம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஜேசன் வகை நெடுவரிசை இருந்தால் சமத்துவம் பார்க்க முடியாமல் பிழை வரும். செலக்ட்டில் இல்லாத ஒன்றைக் கொண்டு வரிசைப்படுத்தினாலும் அதே தரவுத்தளம் மறுக்கும்.

கூட்டுத்தொகை எடுக்கும்போது டிஸ்டிங்ட் உதவவே உதவாது. ஒரு நூலுக்கு நான்கு பிரதிகள், மூன்று ஆசிரியர்கள் என்றால் இரண்டையும் ஜாயின் செய்தால் பன்னிரண்டு வரிசைகள். பிரதிகளின் விலையைக் கூட்டினால் மூன்று மடங்கு வரும். ஒரு வினவலில் ஒரு தொகுப்பை மட்டும் கூட்டுங்கள், மற்றதைத் துணை வினவலாக்குங்கள்.

9. ஃபெட்ச்சைத் தனியாக வையுங்கள்

ஃபெட்ச் மெத்தடின் பணி ஆப்ஜெக்டை நிரப்புவது. அதில் நிபந்தனை வைக்காதீர்கள். பிரதிகளை ஃபெட்ச் செய்து, அதே இணைப்பில் 'கிளை தெற்கு' என்று வடிகட்டினால், 'அ' நூல் ஒரே ஒரு பிரதியுடன் நினைவகத்தில் ஏறும். அதே பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டில் (எடுத்த ஆப்ஜெக்டுகளை ஜேபிஏ நினைவில் வைத்திருக்கும் இடம்) பின்னால் ஓடும் குறிமுறை "இந்த நூலுக்கு மொத்தம் ஒரு பிரதிதான்" என்று நம்பிக் கணக்குப் போடும். வடிகட்ட எக்ஸிஸ்ட்ஸ், நிரப்ப ஃபெட்ச் என்று இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்.

ஆர்டர் காலம் இல்லாத இரண்டு லிஸ்ட்டுகளை ஒரே வினவலில் ஃபெட்ச் செய்தால் ஹைபர்னேட் 'மல்டிபிள் பேக் ஃபெட்ச்' பிழையைத் தரும். உடனே லிஸ்ட்டைச் செட்டாக மாற்றுவது பரவலான தீர்வு. பிழை போய்விடும், வரிசைகளின் பெருக்கம் போகாது. ஒரு தொகுப்பை ஒரு வினவலிலும் அடுத்ததை இன்னொரு வினவலிலும் எடுங்கள்.

ஹைபர்னேட் ஆறாம் பதிப்பு முதல், ஃபெட்ச்சால் திரும்பத் திரும்ப வரும் ஒரே நூலை அதுவே நீக்கிவிடுகிறது. சாதாரண ஜாயினுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

10. பக்கம் பிரிப்பதும் எண்ணிக்கையும்

தொகுப்பை ஃபெட்ச் செய்யும் வினவலில் பக்க வரம்பும் கொடுத்தால், ஹைபர்னேட் எல்லா வரிசைகளையும் எடுத்துவந்து நினைவகத்தில் வெட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும் பதிவாகும். சிறிய தரவில் யாரும் கவனிப்பதில்லை. இதைப் பிழையாகவே மாற்றிவிடும் அமைப்பு ஒன்று ஹைபர்னேட்டில் இருக்கிறது. பெயரில் 'ஃபெயில் ஆன் பேஜினேஷன்' என்று தொடங்கும் பகுதி வரும். முதல் நாளிலேயே அதை இயக்கிவிடுங்கள்.

சரியான வழி இரண்டு வினவல்கள். முதலாவது எக்ஸிஸ்ட்ஸ் நிபந்தனையுடன், வரிசைப்படுத்தி, வரம்பிட்டு, நூல்களின் அடையாள எண்களை மட்டும் எடுக்கும். இரண்டாவது அந்த எண்களுக்கு உரிய நூல்களைப் பிரதிகளுடன் ஃபெட்ச் செய்யும். வரிசைப்படுத்தலை இரண்டாவதிலும் எழுத வேண்டும். எண்களைக் கொடுத்த வரிசையிலேயே தரவுத்தளம் திருப்பித் தரும் என்ற உறுதி இல்லை. தலைப்பு ஒன்றாக உள்ள நூல்கள் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறாமல் இருக்க, கடைசியில் அடையாள எண்ணையும் வரிசைப்படுத்தலில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்குத் தனி வினவல் எழுதுங்கள். ஜாயின் இருந்தால் 'கவுண்ட்' வரிசைகளை எண்ணும், நூல்களை அல்ல. அங்கே 'கவுண்ட் டிஸ்டிங்ட்' வேண்டும். ஃபெட்ச் இருந்தால் எண்ணிக்கை வினவல் பிழையாகவே முடியும், ஏனெனில் ஃபெட்ச்சின் சொந்தக்காரரான நூல் செலக்ட்டில் இல்லை. ஸ்பெசிபிகேஷனுக்குள் ஃபெட்ச் எழுதுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

11. சோதனை

இன்-மெமரி தரவுத்தளத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். எட்டாம் படியில் சொன்ன மறுப்புகள் உண்மையான தரவுத்தளத்தில்தான் தெரியவரும்.

ஒவ்வொரு வினவலுக்கும் மூன்று கூற்றுகளைச் சோதியுங்கள்: எந்த நூல்கள் வந்தன, எத்தனை வரிசைகள் வந்தன, 'இ' வந்ததா வரவில்லையா. விடையைச் செட்டாக மாற்றி ஒப்பிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது இரட்டிப்பை மறைத்துவிடும். லிஸ்ட்டாகவே ஒப்பிடுங்கள். ஃபெட்ச் உள்ள வினவலுக்குப் பின், பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டைக் காலிசெய்யாமல் 'அ' நூலைத் திரும்ப எடுத்து, அதன் பிரதிகள் இரண்டா என்று பாருங்கள். வினவலுக்கு முன்பே மாதிரித் தரவைச் சேமித்த அதே கான்டெக்ஸ்டில் சோதனை ஓடினால், ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட் திரும்பி வந்து தவறான வினவலையும் தேர்ச்சி பெறச் செய்துவிடும். எனவே தரவைச் சேமித்த உடனே ஃபிளஷ் செய்து, கிளியர் செய்து, அதன் பிறகே வினவலை ஓட்டுங்கள்.